உயிருள்ள எலியா? உறைந்த எலியா?

“பாம்பென்றால் படையும் நடுங்கும்” என்பது நம் முன்னோர் வாக்கு. ஆனால் பாம்பின் பெட்டிக்குள் விடப்பட்ட எலி எப்படி நடுங்கும் என்று நம்மில் எவரேனும் எண்ணிப் பார்த்ததுண்டா? பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்களும் இவ்வாண்டு வரை எண்ணிப் பார்த்ததில்லை. எண்ணிப் பார்க்க வேண்டிய கட்டாயம் ஒரு புகைப்படத்தால் வந்தது. அதனால் எழுந்த சிந்தனைகளை இவ்வாண்டு மலரில் எங்கள் சகோதரிகளுக்கும், அருட்சகோதரியருக்கும், பெற்றோருக்கும் முன் வைக்க விரும்புகிறோம்.

எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் பெரியப்பா குடும்பம் அமெரிக்காவில் டெக்சஸ் மாநிலத்தில் வாழ்கிறது. கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு அவர்கள் ஊருக்கு வந்திருந்தார்கள். அந்த அண்ணன் அங்கே ஒரு பாம்பு வளர்க்கிறார் என்று விடுமுறை முடிந்ததும் தோழி சொன்னாள். “என்ன பாம்படி?” என்று கேட்டோம். “பால் பைத்தான்” என்றாள். பால் என்றதும், பால் வார்த்து வளர்க்கும் பாம்பு போலும் என்று எண்ணிக்கொண்டோம்! பிறகுதான் தெரிந்தது, அது குடிக்கும் பால் அன்று. ஆங்கிலத்தில் பந்தைக் குறிக்கும் சொல். ஆப்பிரிக்காவின் மேற்குப் பகுதியைச் சேர்ந்த அந்தச் சிறு மலைப்பாம்பு, பயந்தால் தலையை உள்ளே வைத்துப் பந்துபோல் சுருண்டுகொள்ளுமாம். அதனால் வந்த பெயர்.

தோழி காட்டிய இரண்டாவது புகைப்படம்தான் வகுப்பையே கலக்கியது. குளிர்சாதனப் பெட்டியின் உறைநிலை அறை. அதில் ஐஸ்கிரீம் டப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் பை. பைக்குள் வரிசையாக அடுக்கிய வெள்ளெலிகள், விறைத்துப்போய்! “ஐயோ!” என்று சிலர் முகத்தை மூடிக்கொண்டோம். சிலர் சிரித்தோம். அன்று மதியம் சோற்று டப்பாவைத் திறக்க இரண்டு பேருக்கு மனம் வரவில்லை. இந்த அமளியைக் கண்ட எங்கள் அறிவியல் ஆசிரியையான அருட்சகோதரி எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. “வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் பட்டிமன்றம் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் படித்துவிட்டு வந்து பேசுங்கள்” என்றார். தலைப்பு: வளர்க்கும் பாம்புக்கு உயிருள்ள எலியைக் கொடுப்பது முறையா, கொன்று உறையவைத்த எலியைக் கொடுப்பது முறையா?

“நம் நாட்டில் யாரடி பாம்பு வளர்க்கிறார்கள்? நமக்கு ஏன் இந்த வழக்கு?” என்று கேட்டவர்களும் உண்டு. உண்மைதான். நம் நாட்டுப் பாம்புகளைப் பிடிப்பதும் வீட்டில் வைத்து வளர்ப்பதும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். நாம் பாம்பைப் பார்க்க வேண்டுமானால் சென்னைக் கிண்டியில் உள்ள பாம்புப் பண்ணை போன்ற இடங்களுக்குத்தான் போகவேண்டும். ஆயினும் ஒரு வாயில்லா உயிர் எப்படிச் சாகவேண்டும் என்பதை ஒரு மனிதன் தீர்மானிக்கும்போது, அது அமெரிக்காவின் வழக்கு மட்டும் அன்று; எல்லாருடைய வழக்கும் ஆகிவிடுகிறது என்று நாங்கள் கருதினோம். அது எங்கள் வீட்டு வழக்காகவும் ஆனதைப் பின்னர் சொல்கிறோம்.

முதலில் ஓர் உண்மையைத் தெளிவாக்கிக்கொள்வோம். பாம்பு ஊன் உண்ணும் உயிர். பாலும் பழமும் அதற்கு உணவல்ல. நாய்க்குச் சோறு போட்டுப் பழக்குவதுபோல் பாம்பைச் சோற்றுக்கோ காய்கறிக்கோ பழக்க முடியாது. அதன் பல்லும் குடலும் அதற்காக அமைந்தவை அல்ல. உள்நோக்கி வளைந்த பற்கள் இரையைப் பற்றிக்கொள்ளத்தான் உதவும். மென்று தின்ன உதவா. ஆகவே பால் பைத்தானை ஒருவர் வளர்த்தால், வாரம் ஒன்றோ இரண்டோ கழியும்போது அதற்காக ஓர் எலி சாகத்தான் வேண்டும். “கொல்லலாமா கூடாதா?” என்ற கேள்வி பாம்பை வாங்கிய அன்றே முடிந்துபோய்விடுகிறது. எஞ்சி நிற்பது “எப்படி?” என்ற கேள்வி மட்டுமே.

உயிருள்ள எலிக்கு வாதாடிய அணியினர் நன்றாகவே பேசினார்கள் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அவர்களின் முதல் வாதம் இது: “காட்டில் பாம்புக்கு யார் எலியைக் கொன்று கொடுக்கிறார்கள்? வேட்டையாடுவது அதன் இயல்பு. அந்த இயல்பைப் பறிப்பது பாம்புக்குச் செய்யும் கொடுமை அன்றோ?”

இரண்டாவது வாதம்: “எல்லாப் பாம்பும் செத்த எலியைத் தொடாது. பால் பைத்தான் பிடிவாதத்துக்குப் பேர்போனது. மாதக்கணக்கில் வாய் திறக்காமல் கிடக்கக்கூடியது. பட்டினி போடுவது கருணையா?”

மூன்றாவது வாதம் எங்களைத் திகைக்க வைத்தது. இறுக்கிக் கொல்லும் பாம்புகள் இரையை மூச்சுத் திணறடித்து மெதுவாகக் கொல்கின்றன என்றுதான் நாங்கள் எண்ணியிருந்தோம். ஆனால் 2015ஆம் ஆண்டு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் போவா என்னும் பாம்பின் பிடியில் அகப்பட்ட எலிகளைச் சோதித்து வெளியிட்ட முடிவு வேறு. பாம்பு இறுக்கிய சில வினாடிகளிலேயே எலியின் இரத்த ஓட்டம் தடைபட்டுவிடுகிறதாம். “அப்படியானால் அந்த மரணம் நீங்கள் நினைப்பதுபோல் நீண்ட சித்திரவதை அன்று” என்று எதிரணித் தலைவி மேசையைத் தட்டிச் சொன்னபோது எங்களிடம் உடனடிப் பதில் இல்லை.

நான்காவது வாதம் இன்னும் கூர்மையானது. “உறைந்த எலி எங்கிருந்து வருகிறது? மரத்தில் காய்க்கிறதா? பெட்டி பெட்டியாக எலிகளைப் பெருக்கி, கரியமில வாயுவால் கொன்று, பையில் அடைத்து விற்கிறார்கள். சாவு கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நடந்தால் அது கருணை ஆகிவிடுமா? கசாப்புக் கடையைப் பார்க்க மாட்டேன், கறிக்குழம்பு மட்டும் வேண்டும் என்பது போன்றதுதான் உங்கள் நியாயம்!” வகுப்பே கைதட்டியது. எங்களில் பலர் ஞாயிற்றுக்கிழமைக் குழம்பை நினைத்துத் தலைகுனிந்தோம்.

எனினும் நன்றாய் ஆராய்ந்த பின்னர் நாங்கள் வந்து சேர்ந்த முடிவு மற்றதுதான். உயிருள்ள எலியைப் பெட்டிக்குள் விடுவது முறையன்று. அதற்கான காரணங்களைக் கூறுகிறோம்.

முதற்காரணம், பாம்பின் நலமே. அந்த அண்ணனும் தொடக்கத்தில் உயிருள்ள எலியைத்தான் கொடுத்து வந்தாராம். ஒருநாள் இரவு எலியை உள்ளே விட்டுவிட்டு, “பசித்தபோது தின்னட்டும்” என்று உறங்கப் போய்விட்டார். பாம்புக்கு அன்று பசியில்லை. பெட்டிக்குள் எலிக்கோ தின்னத் தானியம் இல்லை, ஒளிந்துகொள்ளப் பொந்தும் இல்லை. காலையில் எழுந்து பார்த்தால் பாம்பின் முதுகில் இரண்டு அங்குல நீளத்துக்குத் தோல் போய்ச் சதை தெரிந்ததாம். எலி கடித்துத் தின்றிருக்கிறது! மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பாம்பு பிழைத்தது, தழும்பு இன்றும் இருக்கிறது. எலியின் முன்பற்கள் வாழ்நாள் முழுதும் வளர்ந்துகொண்டே இருப்பவை. எதையேனும் கொறித்துத் தீரவேண்டியவை. அந்தப் பற்களால் கண்ணை இழந்த பாம்புகளும், புண் புரையோடி மாண்ட பாம்புகளும் உண்டு. பாம்பின் இயல்பைக் காப்பதாகச் சொல்லி, பாம்பையே எலிக்கு இரையாக்குவது எந்த ஊர் நியாயம்?

இரண்டாவது காரணம்தான் எங்களுக்குத் தலையாயது. “இயற்கை, இயற்கை” என்றார்களே, கண்ணாடிப் பெட்டியில் ஏது இயற்கை? வயலில் சாரைப்பாம்பு எலியைத் துரத்தும்போது எலிக்கு வளை இருக்கிறது; வரப்பு இருக்கிறது; ஓடக் கால் இருக்கிறது. பத்துத் தடவை துரத்தினால் பல தடவை எலி தப்பும். பாம்பு பட்டினியோடு திரும்பும். இரண்டுக்கும் வாய்ப்பு உண்டு. அதற்குப் பெயர் வேட்டை. நான்கு பக்கமும் கண்ணாடி, மேலே மூடி, மூடிக்குப் பூட்டு. அதற்குள் ஓர் எலியை வாலைப் பிடித்து இறக்கினால் அதற்குப் பெயர் வேட்டையா? அந்த எலியை அங்கே கொண்டுவந்தது இயற்கை அன்று. ஒரு மனிதக் கை. ஆகவே அந்த எலி கடைசி மணித்துளிகளில் அடையும் அச்சத்துக்கும் அந்தக் கையே பொறுப்பு.

எதிரணியினர் கூறிய ஆராய்ச்சியை நாங்கள் மறுக்கவில்லை. பாம்பு சரியாகப் பிடித்து இறுக்கினால் சாவு விரைவாகவே வரலாம். ஆனால் பிடிப்பதற்கு முன்னர் உள்ள நேரம்? பாம்பு பத்து நிமிடம் பார்த்துக்கொண்டே கிடந்தால்? பசியின்றி இரவெல்லாம் சும்மா கிடந்தால்? மூலையில் ஒடுங்கி நடுங்கும் அந்த நேரத்தை எந்த ஆராய்ச்சியும் சில வினாடிகளாகச் சுருக்கிவிட முடியாதே!

மூன்றாவது காரணம், வேறு வழி இருக்கிறது என்பதே. வழியே இல்லாதபோது செய்வது வேறு. வழி இருந்தும் செய்வது வேறு. உறைந்த எலியை முதல்நாள் இரவே உறைநிலை அறையிலிருந்து எடுத்துக் கீழ்த்தட்டில் வைத்து உருகவிடுகிறார்கள். பிறகு பையோடு வெந்நீரில் வைத்து உயிருள்ள எலியின் உடற்சூட்டுக்குக் கொண்டுவருகிறார்கள். மைக்ரோவேவ் அடுப்பில் வைக்கவே கூடாதாம். உள்ளே வெந்து வெடித்துவிடும். பின்னர் நீண்ட இடுக்கியால் பிடித்துப் பாம்பின் முன்னே மெல்ல ஆட்டுகிறார்கள். பால் பைத்தானின் மேலுதட்டில் சூட்டை உணரும் சிறு குழிகள் உண்டு. நாக்கை நீட்டி நீட்டி மணத்தை அறிகிறது. சூடும் மணமும் அசைவும் சேர்ந்தால் பெரும்பாலான பாம்புகளுக்குப் போதும். பாய்ந்து பற்றி, உயிருள்ளதைச் சுற்றுவதுபோலவே சுற்றி இறுக்குகிறதாம். பாம்பின் உடலில் மிகப் பருத்த இடம் எவ்வளவோ, அவ்வளவு பருமனுள்ள எலியைத்தான் கொடுக்கவேண்டுமாம். பிடிவாதக்காரப் பாம்பையும் பொறுமையாகப் பழக்கலாம். தோழியின் அண்ணனுக்கு ஐந்து வாரங்கள் ஆயினவாம். ஐந்து வாரமும் ஒவ்வொரு முறையும் எலியைச் சூடாக்கி, ஆட்டி, ஏமாந்து, குப்பையில் போட்டுவிட்டு, ஆறாவது வாரம் பாம்பு வாங்கிக்கொண்டபோது அவர் வீட்டாரை எல்லாம் எழுப்பிக் கூவினாராம்!

எல்லா முயற்சியும் செய்த பின்னும் ஒரு பாம்பு உண்ண மறுத்து மெலிந்துகொண்டே போனால்? அதற்கும் பதில் சொல்ல வேண்டியது எங்கள் கடமை. முதலில் விலங்கு மருத்துவரிடம் காட்ட வேண்டும். நோயினாலோ, பெட்டியில் போதிய சூடில்லாததாலோ பாம்பு உண்ணாமல் இருக்கலாம். வேறு வழியே இல்லை என்றானால், உயிரைக் காக்க உயிருள்ள இரையைக் கொடுப்பவரை நாங்கள் குற்றவாளி என்று சொல்லமாட்டோம். ஆனால் அவர் அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும். பாம்பு தொடாவிட்டால் எலியை உடனே வெளியே எடுத்துவிட வேண்டும். உள்ளே விட்டுவிட்டு உறங்கப்போவது மன்னிக்க முடியாதது.

இனி, அந்த நான்காவது வாதத்துக்கு வருவோம். உறைந்த எலியும் ஒரு கொலையின் மிச்சம்தான் என்பது முற்றிலும் உண்மை. கரியமில வாயுவும் வேதனையே இல்லாத மரணத்தைத் தருவதில்லை என்று அறிவியலார் பலர் சொல்கிறார்கள். இதை நாங்கள் மறைக்க விரும்பவில்லை. ஆகவே “உறைந்த எலியைக் கொடுக்கிறேன், என் கை சுத்தம்” என்று எவரும் மார்தட்டிக்கொள்ள வேண்டாம். இரண்டு தீமைகளில் குறைந்ததைத் தேர்ந்துகொண்டோம் என்ற அடக்கம் இருந்தால் போதும். அந்த எலிகள் எப்படி வளர்க்கப்பட்டன, எப்படிக் கொல்லப்பட்டன என்று வாங்குகிறவர்கள் கேட்கவேண்டும். கேட்கிறவர்கள் பெருகினால் விற்கிறவர்களும் திருந்துவார்கள். இதையெல்லாம் செய்ய மனமில்லாதவர் பாம்பு வளர்க்காமல் இருப்பதே உத்தமம்.

உறைந்த எலியில் ஆபத்தே இல்லை என்றும் சொல்லமாட்டோம். உறையவைப்பதால் கிருமிகள் எல்லாம் செத்துவிடுவதில்லை. 2010, 2014 ஆகிய ஆண்டுகளில் அமெரிக்காவில் இத்தகைய எலிகள் வழியாகச் சால்மோனெல்லா என்னும் கிருமி மனிதருக்குப் பரவி நோய் தந்தது. எனவே அந்த எலிகளை மனிதர் உண்ணும் உணவோடு சேர்த்து வைக்கக்கூடாது. தொட்டபின் சோப்பிட்டுக் கை கழுவ வேண்டும். அந்த ஐஸ்கிரீம் டப்பாவின் அண்டைவீட்டாரை உடனே இடம் மாற்றும்படி எங்கள் வகுப்பின் சார்பாகத் தோழி கடிதம் எழுதிவிட்டாள்!

இன்னொன்றையும் சொல்லவேண்டும். உயிருள்ள எலியைக் கொடுப்போர் எல்லாரும் பாம்பின் நலத்துக்காகத்தான் கொடுக்கிறார்களா? 1849ஆம் ஆண்டு லண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் ஊர்வனவற்றுக்கென்றே ஒரு தனி இல்லம் திறந்தார்கள். அந்நாளில் முயல்களை உயிரோடு பாம்புக்குக் கொடுப்பது அங்கே ஒரு காட்சியாகவே நடந்தது. மக்கள் கூடி நின்று பார்த்தார்கள். அதைக் கண்டு மனம் நொந்து எதிர்த்தவர்களும் அதே ஊரில் இருந்தார்கள். இன்று அந்தக் கூட்டம் கைப்பேசிக்குள் வந்துவிட்டது. எலி துடிப்பதைப் படம்பிடித்து அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். பார்த்து ரசிக்கிறவர்களும் இருக்கிறார்கள். பாம்பு பசிக்காகக் கொல்கிறது. வேடிக்கைக்காகக் கொலையைப் பார்க்கும் குணம் பாம்புக்கு இல்லை.

பட்டிமன்றம் முடியும் தறுவாயில், இதுவரை ஒரு வார்த்தையும் பேசாத தோழி ஒருத்தி எழுந்தாள். “எங்கள் வீட்டில் அரிசி டின்னுக்குப் பின்னால் எலிக்குப் பசை அட்டை வைப்பார்கள். போன வாரம் ஒரு சுண்டெலி ஒட்டிக்கொண்டு இரவெல்லாம் கீச்சுக் கீச்சென்று கத்தியது. நான் தலையணையைக் காதில் வைத்துக்கொண்டு தூங்கினேன். காலையில் அட்டையை மடித்து உயிரோடு குப்பைத் தொட்டியில் போட்டது நான்தான்” என்றாள். வகுப்பு ஊமையாகிவிட்டது. அட்டை வைக்காத வீடு எங்களில் எத்தனை பேருக்கு? டெக்சஸ் அண்ணனை இவ்வளவு நேரம் விசாரித்த நீதிபதிகள் அனைவரும் குற்றவாளிக் கூண்டில் நின்றோம்!

எலியை விட்டுவைக்கச் சொல்லவில்லை. எலி தானியத்தைக் கெடுக்கும், எலிக்காய்ச்சலைப் பரப்பும். ஆயினும் ஓர் இரவு முழுதும் தோல் பிய்ந்து, பசியால் வாடிச் சாகும்படி விடுவது தேவையா? இங்கிலாந்தில் 2022ஆம் ஆண்டு இயற்றிய சட்டத்தின்படி, உரிமம் பெறாமல் பசைப்பொறி வைத்து எலி பிடிப்பது 2024 ஜூலை 31 முதல் குற்றமாகிவிட்டது. நமக்குச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டுமா? தானியத்தை மூடிவைக்கலாம், சுவரின் ஓட்டைகளை அடைக்கலாம், அதற்கும் அடங்காவிட்டால் ஒரே அடியில் முடிக்கும் பொறியை வைக்கலாம். அன்று மாலையே எங்களில் சிலர் வீட்டில் அம்மாவிடம் பேசினோம். சில வீடுகளில் அட்டை போயிற்று. சில வீடுகளில் “பரீட்சைக்குப் படிக்கிற வழியைப் பார்” என்ற பதில் கிடைத்தது. அந்த வீடுகளில் இந்தக் கட்டுரை மறுபடியும் பேசட்டும்!

நடுவராக இருந்த அருட்சகோதரி, யார் வென்றார்கள் என்று தீர்ப்புக் கூறவில்லை. “எலிக்காக ஒரு மணி நேரம் யோசித்தீர்களே, அதுவே போதும்” என்று மட்டும் சொல்லிவிட்டு, கரும்பலகையைத் துடைத்துவிட்டுப் போய்விட்டார்.

ஆகவே எங்கள் தீர்ப்பை நாங்களே எழுதுகிறோம். ஓர் உயிர் இன்னோர் உயிருக்கு உணவாவது உலகின் நியதி. அதை மாற்ற நம்மால் ஆகாது. ஆனால் இரண்டையும் பிடித்துப் பெட்டிக்குள் அடைத்த பின், அங்கே நடப்பவற்றுக்கு நாமே பொறுப்பு. பாம்புக்கு நல்ல உணவும், எலிக்கு அச்சம் குறைந்த முடிவும் தர முடியுமானால் தரத்தான் வேண்டும். சிறிய உயிர்தானே என்று அலட்சியம் செய்யப் பழகிய மனம், நாளை பெரிய உயிரிடத்தும் அலட்சியமாகவே இருக்கும். அன்புச் சகோதரிகளே, இன்று இரவு வீட்டுக்குப் போனதும் அரிசி டின்னுக்குப் பின்னால் ஒருமுறை எட்டிப் பாருங்கள்!

— பத்தாம் வகுப்பு ‘அ’ பிரிவு மாணவியர் சார்பில், மாணவி ஒருத்தி